மடி வாட்டர்ஸ்

மடி வாட்டர்ஸ் (ஏப்ரல் 4, 1913 – ஏப்ரல் 30, 1983) அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த புளூஸ் பாடகரும் கிதார் கலைஞரும் பாடலாசிரியரும் ஆவார். இவரது இயற்பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்டு. மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திப் பண்ணைகளில் ஒருவர் தனித்திருந்து கிதார் மீட்டிப் பாடும் இசையாக வழங்கிவந்த புளூசை, மின் கிதாரும் முழு இசைக்குழுவும் கொண்ட நகர இசையாக மாற்றியவர்களுள் இவர் முதன்மையானவர். சிகாகோ புளூஸ் எனப்படும் அப்பாணியின் தந்தையாகக் கருதப்படுகிறார். 1960களில் தோன்றிய பிரித்தானிய, அமெரிக்க ராக் இசைக்குழுக்கள் பலவற்றுக்கு இவரது இசைத்தட்டுகளே பாடநூல்களாக விளங்கின. எனினும் தமது இசை எவ்வாறு பதிவு செய்யப்பட வேண்டும் என்பதிலும், அதன் வருவாயிலும் இவருக்கு உரிய பங்கு கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று.

பிறப்பும் இளமையும்

மடி வாட்டர்ஸ் தாம் 1915 ஆம் ஆண்டு மிசிசிப்பியின் ரோலிங் ஃபோர்க் என்னும் ஊரில் பிறந்ததாகக் கூறி வந்தார். ஆனால் அவர் புகழ்பெறுவதற்கு முற்பட்ட ஆவணங்கள் சில 1913 ஆம் ஆண்டையே குறிக்கின்றன. பிறந்த இடம் அடுத்துள்ள இசக்குவீனா மாவட்டம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். தாய் இளம் வயதிலேயே இறந்துவிட்டதால் பாட்டி டெல்லா கிராண்ட் இவரை வளர்த்தார். குழந்தைப் பருவத்தில் சேற்று நீரில் விளையாடுவதில் விருப்பம் கொண்டிருந்தமையால் பாட்டி இட்ட செல்லப்பெயரே 'மடி' (சேறு படிந்த) என்பதாகும். 'வாட்டர்ஸ்' (நீர்) என்பது பின்னர் சேர்ந்தது.

கிளார்க்ஸ்டேல் நகருக்கு அருகிலுள்ள ஸ்டோவல் பண்ணையில் இவர் வளர்ந்தார். பள்ளிப் படிப்பு மிகச் சிறிதே வாய்த்தது. முதலில் மவுத் ஆர்கன் எனப்படும் ஆர்மோனிகாவை வாசித்தார். ஏறத்தாழ 17 ஆம் வயதில் குடும்பத்தின் குதிரையை விற்று, அதில் தமக்குக் கிடைத்த பங்கிலிருந்து 2.50 டாலருக்குப் பழைய கிதார் ஒன்றை வாங்கியதாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். அப்பகுதியில் புகழ்பெற்றிருந்த சன் ஹவுஸ் இவரது நேரடி முன்மாதிரியாக அமைந்தார். ராபர்ட் ஜான்சனின் இசைத்தட்டுகளும் இவரைப் பெரிதும் கவர்ந்தன. இவ்விருவரைப் போலவே, விரலில் மாட்டிய புட்டிக் கழுத்துத் துண்டைத் தந்தியின் மேல் நகர்த்திச் சுரங்களை இழுத்து வாசிக்கும் 'சிலைடு' முறையை இவரும் கற்றுக்கொண்டார்.

பண்ணையில் ஒலிப்பதிவு

1941 ஆகஸ்டில், அமெரிக்கக் காங்கிரசு நூலகத்துக்காக நாட்டார் பாடல்களைத் திரட்டிய ஆலன் லோமாக்சும், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் இசை ஆய்வாளர் ஜான் வொர்க்கும் ஸ்டோவல் பண்ணைக்கு வந்து மடி வாட்டர்சின் வீட்டிலேயே அவரது பாடல்களைப் பதிவு செய்தனர். 1942 ஜூலையில் லோமாக்ஸ் மீண்டும் வந்து மேலும் சில பாடல்களைப் பதிந்தார். தம் குரலை முதன்முறையாக வெளியிலிருந்து கேட்டபோதுதான் தம்மால் தொழில்முறைக் கலைஞராக இயலும் என்னும் நம்பிக்கை பிறந்தது என மடி வாட்டர்ஸ் கூறியுள்ளார். பின்னர் அவருக்கு 20 டாலர் காசோலையும் இசைத்தட்டின் இரண்டு படிகளும் அனுப்பப்பட்டன. இப்பதிவுகள் 1966 இல் ஒரு தொகுப்பாகவும், 1993 இல் முழுமையாகவும் வெளியாயின.

1943 இல், மணிக்கு 22.5 சென்ட்டாக இருந்த கூலியை 25 சென்ட்டாக உயர்த்தித் தருமாறு பண்ணை மேற்பார்வையாளரிடம் கேட்டு மறுக்கப்பட்டதைத் தொடர்ந்து, தொடர்வண்டி ஏறிச் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் பல இலட்சக்கணக்கில் வடக்கு நோக்கிச் சென்ற பெரும் இடப்பெயர்வின் ஒரு பகுதியாக இதனைக் கொள்ளலாம். இவரது பாடல்களை முதலில் விரும்பிக் கேட்டவர்களும் அவ்வாறு வந்து சேர்ந்த மக்களே ஆவர்.

மின் கிதாருக்கு மாற்றம்

சிகாகோவில் பகலில் தொழிற்சாலையிலும், பின்னர் சரக்குந்து ஓட்டுநராகவும் பணியாற்றி, இரவில் மதுக்கூடங்களில் பாடினார். அப்போது நகரின் முன்னணி புளூஸ் கலைஞராக இருந்த பிக் பில் புரூன்சி தம் நிகழ்ச்சிகளுக்கு முன் பாட இவருக்கு வாய்ப்பளித்தார். மதுக்கூடங்களின் இரைச்சலில் சாதாரணக் கிதாரின் ஒலி எடுபடவில்லை. 1940களின் நடுப்பகுதியில் உறவினர் ஒருவர் வாங்கித் தந்த மின் கிதாருக்கு மாறியதற்கு இதுவே காரணமாகும்.

இம்மாற்றம் ஒலியின் அளவைக் கூட்டியதோடு நிற்கவில்லை. மின் கிதாரில் தந்தியின் அதிர்வைக் காந்தச் சுருள் மின்குறிப்பாக மாற்ற, ஒலிபெருக்கி அதனைப் பெருக்குகிறது. அக்காலத்துச் சிறிய வெற்றிடக்குழாய் ஒலிபெருக்கிகளை அவற்றின் எல்லைக்கு மேல் இயக்கும்போது ஒலி சிதைந்து கரகரப்பாகிறது. சுரமும் நெடுநேரம் நீடிக்கிறது. இதனால் சிலைடு முறையில் இழுக்கப்படும் சுரம் மனிதக் குரலை ஒத்து ஒலித்தது. தொழில்நுட்பக் குறையாகக் கருதப்பட்ட இச்சிதைவே பின்னர் ராக் கிதாரின் அடிப்படை ஒலியாயிற்று.

செஸ் நிறுவனமும் இசைக்குழுவும்

1947 இல் அரிஸ்டோகிராட் என்னும் சிறு இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடத் தொடங்கினார். 1948 இல் பிக் கிராஃபோர்டின் பாஸ் வாத்தியம் மட்டும் துணைநிற்க இவர் பதிவு செய்த 'ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைடு' இசைத்தட்டின் முதற்பதிப்பு ஒரே நாளில் விற்றுத் தீர்ந்தது. இது ஸ்டோவல் பண்ணையில் லோமாக்ஸ் பதிந்த பாடலொன்றின் மின் கிதார் வடிவமாகும். அரிஸ்டோகிராட் நிறுவனம் 1950 இல் லெனார்டு செஸ், பில் செஸ் உடன்பிறப்புகளின் செஸ் ரெக்கார்ட்ஸ் ஆனது. அவ்வாண்டு வெளிவந்த 'ரோலிங் ஸ்டோன்' பாடலிலிருந்தே இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1962 இல் தன் பெயரை எடுத்துக்கொண்டது.

மதுக்கூடங்களில் முழுக் குழுவுடன் வாசித்து வந்தபோதிலும், விற்பனையில் வெற்றி கண்ட எளிய அமைப்பை மாற்ற லெனார்டு செஸ் தயங்கியதால், அக்குழுவின் ஒலி இசைத்தட்டுகளில் இடம்பெறச் சில ஆண்டுகள் ஆயின. குழுவில் லிட்டில் வால்ட்டர் மவுத் ஆர்கனும், ஜிம்மி ராஜர்ஸ் இரண்டாம் கிதாரும், எல்கா எட்மண்ட்ஸ் டிரம்சும், ஓட்டிஸ் ஸ்பான் பியானோவும் வாசித்தனர். மவுத் ஆர்கனையும் ஒலிவாங்கியையும் ஒருங்கே கைக்குள் பொத்தி வைத்து ஒலிபெருக்கி வழியாக வாசித்த லிட்டில் வால்ட்டரின் முறை, அக்கருவிக்கு சாக்சபோனை ஒத்த கனத்தைத் தந்தது. இக்குழுவின் 1952 ஆம் ஆண்டுப் பதிவு அமர்வில் உருவான 'ஜூக்' என்னும் வாத்திய இசை வால்ட்டரின் பெயரில் வெளியாகி, ரிதம் அண்ட் புளூஸ் தரவரிசையில் முதலிடம் பெற்றது.

1954 இல் வில்லி டிக்சன் எழுதிய 'ஹூச்சி கூச்சி மேன்' தரவரிசையில் மூன்றாம் இடம் வரை சென்றது. நான்கு அடிகள் விழுந்தபின் இசை முழுதும் நின்று குரல் மட்டும் ஒலிக்கும் அதன் தாள அமைப்பைப் பின்பற்றிப் பலர் பாடல்கள் இயற்றினர். போ டிட்லி அவ்வாறு இயற்றிய பாடலுக்கு விடையாக மடி வாட்டர்ஸ் 1955 இல் 'மானிஷ் பாய்' பாடலை வெளியிட்டார். அதே ஆண்டில் சக் பெரி என்னும் இளைஞரை லெனார்டு செஸ்ஸைச் சந்திக்குமாறு அனுப்பியவரும் இவரே. சக் பெரியின் ராக் அண்ட் ரோல் பெற்ற வெற்றி, விரைவிலேயே புளூஸ் இசைத்தட்டுகளின் விற்பனையைப் பின்தள்ளியது குறிப்பிடத்தக்கது.

புதிய கேட்போர்

1958 இல் கிறிஸ் பார்பரின் அழைப்பை ஏற்று ஓட்டிஸ் ஸ்பானுடன் இங்கிலாந்து சென்றார். பண்ணைப் பாடகரின் மென்மையான கிதாரை எதிர்பார்த்திருந்த விமர்சகர் சிலர் இவரது மின் கிதாரின் உரத்த ஒலியைக் கண்டித்தனர். 1963 இல் மீண்டும் ஐரோப்பா சென்றபோது, அந்தக் கண்டனத்தை மனத்திற்கொண்டு சாதாரணக் கிதாரை எடுத்துச் சென்றார். ஆனால் இதற்குள் இளம் கேட்போர் மின் கிதாரையே விரும்பத் தொடங்கியிருந்தனர்.

1960 ஜூலை 3 அன்று நியூபோர்ட் ஜாஸ் விழாவில் பாடியது இவரது வாழ்வில் திருப்புமுனையாகும். முந்தைய நாள் அரங்கிற்கு வெளியே நிகழ்ந்த கலவரத்தால் எஞ்சிய விழா இரத்துச் செய்யப்பட்டு, அன்றைய பிற்பகலின் புளூஸ் நிகழ்ச்சி மட்டும் அனுமதிக்கப்பட்டது. ஓட்டிஸ் ஸ்பான், ஜேம்ஸ் காட்டன் (மவுத் ஆர்கன்), பேட் ஹேர் (கிதார்), ஆண்ட்ரூ ஸ்டீபன்ஸ் (பாஸ்), ஃபிரான்சிஸ் கிளே (டிரம்ஸ்) ஆகியோர் உடன் வாசித்தனர். விழா முடிவுறுவதை எண்ணிக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அங்கேயே எழுதிய பிரியாவிடைப் பாடலை ஸ்பான் பாடினார். 'அட் நியூபோர்ட் 1960' என வெளிவந்த இப்பதிவு, புளூஸ் மேடை நிகழ்ச்சியொன்றை முழு இசைத்தொகுப்பாக வழங்கிய முன்னோடிகளுள் ஒன்றாகும்.

சந்தைக்காக மாறிய ஒலி

1960களின் தொடக்கத்தில் நாட்டார் இசைக்கு ஏற்பட்ட வரவேற்பைக் கண்ட செஸ் நிறுவனம், மின் கிதாரைத் தவிர்த்து 'ஃபோக் சிங்கர்' (1964) தொகுப்பைத் தயாரித்தது. இதில் இளைஞரான பட்டி கய் இரண்டாம் கிதார் வாசித்தார். குரலின் சிறு அசைவையும் காட்டும் தெளிவான ஒலிப்பதிவுக்காக இத்தொகுப்பு இன்றும் பாராட்டப்படுகிறது. இதனையடுத்து இவரது பழைய மின்னிசைப் பாடல்களே 'தி ரியல் ஃபோக் புளூஸ்' (1966) என்னும் தலைப்பில் மறுபடி விற்கப்பட்டன.

1968 இல் காற்று எதிர்த்திசையில் வீசியது. ஜிமி ஹென்றிக்சின் இரசிகர்களைக் கவரும் நோக்குடன் லெனார்டின் மகன் மார்ஷல் செஸ் 'எலக்ட்ரிக் மட்' தொகுப்பை உருவாக்கினார். பீட் கோசி, பில் அப்சர்ச் ஆகியோரின் கடுஞ்சிதைவு கிதார் ஒலிகளுக்கு நடுவே மடி வாட்டர்ஸ் பாட மட்டுமே செய்தார். தொகுப்பு பில்போர்டு தரவரிசையில் 127 ஆம் இடத்தை எட்டியபோதிலும் புளூஸ் விமர்சகர்கள் அதனைக் கடுமையாகத் தாக்கினர். இப்பாடல்களைத் தம் குழுவினருடன் மேடையில் வாசிக்க இயலாமையால் மடி வாட்டர்சும் பின்னர் இத்தொகுப்பை விரும்பவில்லை. பிற்கால ஹிப் ஹாப் கலைஞர்கள் சிலர் இதனைப் போற்றியுள்ளனர்.

1969 இல் வெளிவந்த 'ஃபாதர்ஸ் அண்ட் சன்ஸ்' வேறு வழியில் அமைந்தது. சிகாகோ மதுக்கூடங்களில் இவரைக் கேட்டு வளர்ந்த வெள்ளையின இளைஞர்களான மைக் புளூம்ஃபீல்டு (கிதார்), பால் பட்டர்ஃபீல்டு (மவுத் ஆர்கன்) ஆகியோர் இவருடைய பழைய பாடல்களையே பழைய முறையில் உடன் வாசித்தனர். இத்தொகுப்பு 70 ஆம் இடத்தை எட்டியது.

அவ்வாண்டு அக்டோபரில் மூவர் உயிரிழந்த சாலை விபத்தில் படுகாயமுற்ற இவர், அதன்பின் பெரும்பாலும் அமர்ந்தே பாடினார். அதே மாதத்தில் லெனார்டு செஸ் காலமானார். மறு ஆண்டு ஓட்டிஸ் ஸ்பான் இறந்தார். 1973 இல் மனைவி ஜெனீவா மறைந்தபின் வெஸ்ட்மாண்ட் என்னும் புறநகருக்குக் குடிபெயர்ந்தார்.

உரிமை வழக்கு

இவர் பாடிய பல பாடல்களின் பதிப்புரிமை, செஸ் உடன்பிறப்புகள் பங்குதாரர்களாக இருந்த ஆர்க் மியூசிக் நிறுவனத்திடம் இருந்தது. உரிய பங்குத்தொகை வழங்கப்படவில்லை எனக் கூறி 1976 இல் மடி வாட்டர்சும் வில்லி டிக்சனும் அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாட்டில் முடிந்தது. இவர் 1962 இல் பாடிய, டிக்சன் எழுதிய 'யூ நீட் லவ்' பாடலை ஒட்டி லெட் செப்பெலின் குழு அமைத்த பாடலுக்காக டிக்சன் தொடுத்த மற்றொரு வழக்கு, இவரது மறைவுக்குப் பின் 1987 இல் உடன்பாடு கண்டது.

இறுதி ஆண்டுகள்

செஸ்ஸை விட்டு விலகிய பின், கிதார் கலைஞர் ஜானி வின்டர் தயாரிப்பில் புளூ ஸ்கை நிறுவனத்துக்காகப் பாடினார். 1976 அக்டோபரில் கனெடிகட் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட்டில் மூன்றே நாட்களில் 'ஹார்ட் அகெய்ன்' பதிவு செய்யப்பட்டது. ஜேம்ஸ் காட்டன், பைன்டாப் பெர்கின்ஸ் (பியானோ), பாப் மார்கோலின் (கிதார்), சார்ல்ஸ் கால்மீஸ் (பாஸ்), வில்லி 'பிக் ஐஸ்' சுமித் (டிரம்ஸ்) ஆகியோர் ஒரே அறையில் ஒன்றாக அமர்ந்து வாசித்தனர். புதுப்பாணி எதையும் திணிக்காமல், 1950களின் மதுக்கூட ஒலியையே வின்டர் பதிய முயன்றார். சிகாகோவில் இவர் முதற்புகழ் பெற்ற 1948 ஆம் ஆண்டுப் பாடலும் இதில் மீண்டும் இடம்பெற்றது. 1977 இல் வெளியான இத்தொகுப்பு கிராமி விருது பெற்றது. 1972 முதல் 1980 வரை இவர் பெற்ற கிராமி விருதுகள் ஆறு.

1976 நவம்பரில் தி பேண்ட் குழுவின் பிரியாவிடை நிகழ்ச்சியில் இவர் பாடிய காட்சி, மார்ட்டின் ஸ்கோர்செசியின் 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' (1978) திரைப்படத்தில் இடம்பெற்றது. 1978 ஆகஸ்டில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் முன்னிலையில் வெள்ளை மாளிகையில் பாடினார்.

1983 ஏப்ரல் 30 அன்று வெஸ்ட்மாண்டில் உறக்கத்தில் மாரடைப்பால் காலமானார். உடல் இல்லினாய் மாநிலத்தின் ஆல்சிப்பில் உள்ள ரெஸ்ட்வேல் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. கல்லறைக் கல்லில் அவர் கூறிவந்தபடியே 1915 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது.

நினைவும் சிறப்பும்

1987 இல் ராக் அண்ட் ரோல் புகழவையில் சேர்க்கப்பட்டார். 1992 இல் வாழ்நாள் சாதனைக்கான கிராமி விருது வழங்கப்பட்டது. 1994 இல் அமெரிக்க அஞ்சல்துறை இவரது உருவம் கொண்ட தபால்தலையை வெளியிட்டது. ஓட்டிஸ் ஸ்பான் நிலவறையில் தங்கியிருந்ததும், குழுவினர் ஒத்திகை பார்த்ததுமான இவரது சிகாகோ இல்லம் 2021 இல் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஸ்டோவல் பண்ணை வீட்டின் எஞ்சிய பகுதி கிளார்க்ஸ்டேலில் உள்ள டெல்டா புளூஸ் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. அவ்வீட்டின் மரப்பலகை ஒன்றிலிருந்து இசி டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் கிதார் ஒன்றைச் செய்வித்து அந்த அருங்காட்சியகத்துக்கு உதவினார். புதல்வர்களான மட் மார்கன்ஃபீல்டு, பிக் பில் மார்கன்ஃபீல்டு ஆகியோரும் புளூஸ் பாடகர்கள் ஆவர்.

முதன்மையான இசைத்தொகுப்புகள்

1958 – தி பெஸ்ட் ஆஃப் மடி வாட்டர்ஸ் (1948–1954 காலத்துத் தனிப்பாடல்களின் தொகுப்பு)
1960 – மடி வாட்டர்ஸ் சிங்ஸ் பிக் பில் புரூன்சி
1960 – அட் நியூபோர்ட் 1960
1964 – ஃபோக் சிங்கர்
1968 – எலக்ட்ரிக் மட்
1969 – ஃபாதர்ஸ் அண்ட் சன்ஸ்
1972 – தி லண்டன் மடி வாட்டர்ஸ் செஷன்ஸ் (அயர்லாந்துக் கிதார் கலைஞர் ரோரி காலகருடன்)
1975 – தி மடி வாட்டர்ஸ் உட்ஸ்டாக் ஆல்பம்
1977 – ஹார்ட் அகெய்ன்
1978 – ஐ'ம் ரெடி (ஜிம்மி ராஜர்ஸ், பிக் வால்ட்டர் ஹார்ட்டன் ஆகியோருடன்)
1979 – மடி 'மிசிசிப்பி' வாட்டர்ஸ் லைவ்
1981 – கிங் பீ (இறுதித் தொகுப்பு)