தோளில் துண்டு, கழுத்தில் ஸ்கார்ஃப்

பள்ளியில் சாரணனாக உறுதிமொழி ஏற்ற அன்று சாரண ஆசிரியர் என் கழுத்தில் ஸ்கார்ஃபைக் கட்டிவிட்டார். மாலையில் அதைக் கழற்ற மனமின்றி அப்படியே களத்துமேட்டுக்குப் போனேன். நெல் தூற்றிக்கொண்டிருந்த அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தபடி, இது எதற்கு உதவும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியால்தான் பேடன் பவலின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1857 பிப்ரவரி 22ஆம் நாள் லண்டனில் பிறந்தார். மூன்று வயதில் தந்தையை இழந்தார். 1876இல் குதிரைப்படை அதிகாரியாக லக்னோவுக்கு வந்து சேர்ந்தார். ஸ்கார்ஃபின் கதை 1896இல் தொடங்குகிறது. இன்றைய ஜிம்பாப்வேயில், தம் மண்ணுக்காக எழுந்த மட்டபெலே மக்களை அடக்கச் சென்ற படையில் அவர் இருந்தார். (இந்தப் பகுதியை என்னால் உவப்புடன் படிக்க முடியவில்லை.) அங்கே வெயில் பிடரியைச் சுடாதிருக்கச் சாம்பல் நிறத் துணியொன்றைக் கழுத்தில் தளரக் கட்டிக்கொண்டார். நம் உழவர் தலையில் முண்டாசு கட்டுவது போலத்தான்.

1899-1900இல் மாஃபெக்கிங் நகரில் 217 நாள் முற்றுகையைத் தாங்கி நின்றதால் அவர் புகழ் பரவியது. 1907இல் பிரவுன்சீ தீவில், பெரும் பள்ளிகளில் பயின்ற செல்வர் பிள்ளைகளையும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே பாசறையில் தங்கவைத்தார். மறுஆண்டு அவர் எழுதிய நூல் வெளிவந்தது. அந்தத் துணி சாரணர் உடையாயிற்று. முக்கோணமாதலின் கை முறிந்தால் ஏந்து கட்டலாம், காயத்தைச் சுற்றலாம், தூசிக்கு முகத்தை மூடலாம். காலையில் அதில் ஒரு முடிச்சிட்டு, அன்றைய நற்செயலைச் செய்தபின் அவிழ்க்கும் வழக்கமும் வந்தது. பின்னர், உறுதிமொழி ஏற்றவனுக்கு மட்டுமே அணிவிக்கும் சடங்காகவும் வளர்ந்தது.

நம் தஞ்சைத் தரணியில் ஒரு காலத்தில் பண்ணையாளர் மிராசுதாரைக் கண்டால் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும். எவர் வீட்டுப் பிள்ளை ஆனாலும் ஒரே துணி, ஒரே இடத்தில் என்பது அதனால்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஆனால் அந்தச் சமத்துவமும் இங்கே எளிதில் வரவில்லை. 1909இல் இந்தியாவில் சாரணம் தொடங்கியபோது அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்க்கே உரியதாயிருந்தது. 1917இல் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கெனத் தனிச் சங்கம் கண்டனர்; அவர்கள் தலைப்பாகை அணிந்தனர். 1921இல் பவல் இந்தியா வந்தார். அச்சங்கமும் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. 1941 ஜனவரி 8ஆம் நாள் கென்யாவின் நையேரியில் அவர் மறைந்தார்.

இவற்றையெல்லாம் அப்பாவிடம் சொல்ல நேரம் வாய்க்கவில்லை. அடுத்த அறுவடையில் அரிவாள் பட்டு அவர் விரலில் இரத்தம் கொட்டியபோது, ஸ்கார்ஃபை அவிழ்த்து இறுக்கிக் கட்டினேன். எத்தனை முறை துவைத்தும் கறை போகவில்லை. மறுவாரம் அதையே அணிந்து அணிவகுப்பில் நின்றேன். சாரண ஆசிரியர் கறையைப் பார்த்தார். மாற்றி வரச் சொல்லவில்லை.