தன்னையும் நகைத்த மன்னன்

பல்லவர் என்றதும் நம் நினைவில் முதலில் நிற்பவர்கள் வாதாபி கொண்ட நரசிம்மவர்மனும், கயிலாசநாதர் கோவிலை எழுப்பிய இராசசிம்மனுமே ஆவர். நரசிம்மனின் தந்தையான முதலாம் மகேந்திரவர்மனைத் தேர்வுக்காக இரண்டு பத்திகளில் படித்து முடித்துவிடுகிறோம். மனித இயல்பையும் அரசியலையும் சமுதாயத்தையும் கூர்ந்து நோக்கி, நோக்கியதை எழுதியும் வைத்த அரசர்கள் உலக வரலாற்றில் மிகச் சிலரே. உரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் தமக்குத் தாமே அறிவுரை எழுதிக்கொண்டார். நம் காஞ்சி மன்னனோ தன் தலைநகரத்துத் தெருவையே மேடையாக்கி ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினான்.

காவிரிக்கரை வரை பல்லவர் ஆட்சியைப் பரப்பிய சிம்மவிஷ்ணுவின் மைந்தன் இவன். ஏறத்தாழ கி.பி. 600 முதல் 630 வரை ஆண்டான். வடக்கே ஹர்ஷரும், தக்காணத்தில் சாளுக்கியர் இரண்டாம் புலிகேசியும் ஆண்ட காலம் அது. அன்றைய காஞ்சி சமயங்களின் சந்தையாக விளங்கியது. மகேந்திரன் மறைந்து பத்தாண்டு அளவில் இங்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், நூறு பௌத்த மடங்களும் பதினாயிரம் பிக்குகளும் இருந்ததாகக் குறித்துள்ளார். சமணர்களும் மிகுதியாக இருந்தனர் என்கிறார். சைவத்துக்குள்ளேயே காபாலிகர், பாசுபதர் எனப் பல பிரிவினர். ஒவ்வொருவரும் தம் நெறியே உயர்ந்தது என்று வாதிட, அரசனின் ஆதரவுக்கு எல்லோருமே காத்திருந்தனர். இத்தகைய நகரில் அரியணையில் அமர்ந்தவன் காண்பதற்கு எவ்வளவோ இருந்திருக்கும்!

புதுமை நாட்டம் அவன் பிறவிக்குணம் போலும். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்குக் கோவில் அமைத்ததை மண்டகப்பட்டுக் குகையில் பெருமிதத்தோடு பொறித்து வைத்தான். மகேந்திரவாடியில் ஏரிக்கரையில் திருமாலுக்கும், சீயமங்கலம் முதலிய ஊர்களில் சிவனுக்கும் பாறையைக் குடைந்தான். ஓவியத்தில் வல்லவன் என்பதால் சித்திரகாரப்புலி. விந்தையான உள்ளம் உடையவன் என்பதால் விசித்திரசித்தன். (சித்தன்னவாசல் ஓவியங்களையும் ஒருகாலத்தில் இவன் கணக்கில் எழுதினார்கள். அவை பாண்டியர் காலத்தவை என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் கருத்து.)

இனி நாடகத்துக்கு வருவோம். வடமொழியிலும் பிராகிருதத்திலும் அமைந்த அதன் பெயர் மத்தவிலாசப் பிரகசனம். சத்தியசோமன் என்னும் காபாலிகன் தன் துணைவி தேவசோமையுடன் மதுவெறியில் காஞ்சித் தெருக்களில் தள்ளாடி வருகிறான். கள்ளுக்கடை அவன் கண்ணுக்கு வேள்விச்சாலையாகத் தெரிகிறது. பிச்சைப் பாத்திரமாகிய மண்டையோட்டைக் காணோம். அதில் வறுத்த இறைச்சி இருந்தமையால் நாய் கவ்வியிருக்கலாம், அல்லது பௌத்த பிக்கு எடுத்திருக்கலாம் என்று ஐயம். அந்நேரம் பார்த்து நாகசேனன் என்ற பிக்கு, வணிகன் வீட்டு விருந்தோடு அவ்வழியே வருகிறான். நல்ல படுக்கையும், நேரத்துக்கு உணவும், தாம்பூலமும் அனுமதித்த புத்தர், மதுவையும் மங்கையையும் மட்டும் விலக்கியிருப்பாரா என்பது அவன் ஆராய்ச்சி. பொறாமை கொண்ட முதிய பிக்குகள்தாம் அந்தப் பகுதிகளை மறைத்துவிட்டார்கள், மூலநூல் கிடைத்தால் உண்மை விளங்கும் என்று அவன் முடிவுகட்டுகிறான்.

இங்கேதான் மகேந்திரனின் பார்வை நம்மை வியக்கவைக்கிறது. அவன் புத்தரைப் பழிக்கவில்லை, சிவநெறியையும் பழிக்கவில்லை. தனக்கு வேண்டியதை முதலில் முடிவுசெய்துகொண்டு, பிறகு அதற்கு நூலில் சான்று தேடும் மனித மனத்தைத்தான் பிடித்துக் காட்டுகிறான். இந்த நோய் எந்தச் சமயத்துக்கும் தனியுரிமை அன்று. நம் பட்டிமன்றங்களில்கூட இதைக் காணலாம்.

சண்டை முற்றுகிறது. தேவசோமை பிக்குவின் முடியைப் பற்றி இழுக்கப் போய், மொட்டைத் தலையில் பிடி கிடைக்காமல் விழுகிறாள். பிக்கு தன் பாத்திரத்தைத் திறந்து காட்டுகிறான். நிறமே வேறு. காபாலிகன் அசரவில்லை, நிறத்தை மாற்றிவிட்டான் என்கிறான். கண்ணால் கண்டபின்னும் கொள்கையை விடாத பிடிவாதம்! நடுவராக வந்த பாசுபதனுக்கோ பிக்குவின்மேல் உள்ளூர ஒரு பழைய பகை.

வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்ற பேச்சு வருகிறது. உடனே தேவசோமை தயங்குகிறாள். பல விகாரங்களின் செல்வம் பிக்குவின் கையில் இருக்கிறது. அதைக் கொண்டு அதிகாரிகளின் வாயை அவன் அடைத்துவிடுவான். தாங்களோ ஏழைகள் என்கிறாள். பாசுபதன் நேர்மையாளரால் ஆனது நீதிமன்றம் என்று சமாதானம் சொல்கிறான். ஆனால் அவையில் நம் காதில் தங்குவது அந்தப் பெண்ணின் ஐயமே. அந்த நீதிமன்றம் யாருடையது? நாடகம் எழுதிய மன்னனுடையது! தன் ஆட்சியில் கையூட்டு நடக்கும் என்று குடிமக்கள் எண்ணுகிறார்கள் என்பதை அறிந்து, அதைத் தன் கையாலேயே எழுதிய அரசன் அவன். அமைச்சர்களும் நீதிபதிகளும் முன்வரிசையில் அமர்ந்து அதைக் கேட்டிருந்தால் அவர்கள் முகம் எப்படி மாறியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

முடிவில் பித்தன் ஒருவன் நாயிடமிருந்து பறித்த மண்டையோட்டுடன் வருகிறான். அறிவாளிகள் மூவர் வாதிட்டும் தீராத வழக்கு பித்தனால் தீர்கிறது. பகைவர் நண்பராகப் பிரிகின்றனர். இன்னொன்றும் நோக்கத்தக்கது. மத்தவிலாசன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர்களுள் ஒன்று. குடிகாரன் கதைக்குத் தன் பட்டத்தையே தலைப்பாக்கியிருக்கிறான். பிறரை நகைப்பவர் பலர், தன்னையும் சேர்த்துக்கொண்டவர் அரியர்.

ஆனால் அவன் வாழ்க்கை முழுதும் சிரிப்பாக இல்லை. புலிகேசி படையெடுத்து வந்தான். பல்லவன் புலிகேசியின் சேனை எழுப்பிய தூசியில் ஒளி மங்கிக் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்தான் என்று 634ஆம் ஆண்டு ஐகொளேக் கல்வெட்டில் சாளுக்கியப் புலவர் இரவிகீர்த்தி எழுதினார். பிற்காலப் பல்லவரின் காசாக்குடிச் செப்பேடோ, நம் ஊருக்கு அருகிலுள்ள புள்ளலூரில் மகேந்திரன் பகைவரை அழித்தான் என்கிறது. இருதரப்பு மெய்க்கீர்த்திகளையும் அருகருகே வைத்துப் படித்தால், அதுவே இன்னொரு பிரகசனம்!

மற்றொரு செய்தி நம்மைச் சங்கடப்படுத்துவது. சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன் ஒருவன் நீற்றறையில் இட்டான், நஞ்சூட்டினான், கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தான் என்றும், பிறகு அவனே சைவனாகிப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. குணபரன் மகேந்திரனின் பட்டம். ஆகவே அவனே இவன் என்பர் அறிஞர். சேக்கிழார் பாடியது ஐந்து நூற்றாண்டுகள் கழித்து. மன்னனின் இயற்பெயரையும் அவர் சொல்லவில்லை. அடுத்த தலைமுறையில் யுவான் சுவாங் காஞ்சியில் சமணரைக் காண்கிறார். ஆதலால் தலைநகரில் சமணம் அழிந்துவிடவில்லை என்பது உறுதி. எனினும் நாடகம் எழுதிய கை இடிக்க ஆணையிட்டிருக்காது என்று நாம் உறுதி கூற முடியாது. அதிகாரம் உடையவன் காலையில் ஒருவனாகவும் மாலையில் வேறொருவனாகவும் இருக்கக்கூடும்.

மதமாற்றத்தைப் பற்றி அவன் வாய்மொழியாக நமக்கு இருப்பது திருச்சி மலைக்குகைக் கல்வெட்டு ஒன்றே. எதிர்நெறியிலிருந்து இலிங்கத்தால் திரும்பியதாக அது கூறுகிறது. அங்கே வரும் சொற்கள் தருக்க நூலின் கலைச்சொற்களும் ஆகும். வாழ்வின் மிகப்பெரிய திருப்பத்தைச் சொல்லும்போதும் அவனால் சிலேடை இல்லாமல் சொல்ல முடியவில்லை.

வாதாபியின் கணக்கை 642இல் அவன் மகன் தீர்த்தான். தந்தையின் நாடகமோ காஞ்சியில் மறக்கப்பட்டது. கேரளத்துச் சாக்கியார்கள் கோவில்களில் அதை விடாமல் நடித்துவந்தனர். சுவடிகளும் அங்கேதான் கிடைத்தன. 1917இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி அதை அச்சேற்றினார். வந்தவாசிச் சாலையில் மாமண்டூர்க் குன்றுக்குச் சென்றால், அந்நாடகத்தின் பெயர் வரும் கல்வெட்டைச் சிதைந்த நிலையில் காணலாம். பல்லாவரத்தில் அவன் பட்டப்பெயர்களை வரிசையாகப் பொறித்த குகை, இன்று இசுலாமியர் வழிபடும் தர்காவாக விளங்குகிறது.