ஊரைக் காத்த குரல்

1941ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், ஜார்ஜ்டவுன் வானில் ஜப்பானிய விமானங்கள் அணிவகுத்து வந்தன. அவற்றை வேடிக்கை பார்க்கத் தெருக்களில் கூடிய மக்கள்மீது குண்டுகள் விழுந்தன. விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் பீரங்கிகள் பினாங்குத் தீவில் இல்லை. ஏராளமானோர் மாண்டனர், கடைவரிசைகள் தீப்பற்றி எரிந்தன. சில நாள்களில் பிரிட்டிஷ் அதிகாரிகளும் பிற ஐரோப்பியர்களும் இரவோடு இரவாகத் தீவை விட்டு வெளியேறினர். விடிந்தபோது, ஊரை ஆள எவரும் இல்லை.

அந்த வேளையில் பொறுப்பேற்க முன்வந்தவர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழரான இவர், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றவர். கொழும்பிலுள்ள பி. சாரா ஓவல் விளையாட்டரங்கு இவருடைய சகோதரரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சரவணமுத்துவோ பினாங்கில் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ என்னும் ஆங்கில நாளிதழின் ஆசிரியராக விளங்கினார். நண்பர்கள் அவரைச் ‘சாரா’ என்று அழைத்தனர்.

அவருடைய தலைமையில் பல இனத்தவரும் சேர்ந்து பினாங்குச் சேவைக் குழுவை அமைத்தனர். கொள்ளையைத் தடுக்க வேண்டும். உணவு அனைவருக்கும் கிடைக்க வேண்டும். காயமுற்றோரைக் கவனிக்க வேண்டும். ஊதியமோ பதவியோ எதிர்பாராமல் தொண்டர்கள் உழைத்தனர்.

எனினும், பெரிய ஆபத்து வானில் இருந்தது. ஆங்கிலேயர் வெளியேறியதை அறியாமல் எதிரிகள் மீண்டும் குண்டு வீசலாம். எனவே, சரவணமுத்து கார்ன்வாலிஸ் கோட்டைக்குச் சென்றார். அங்குப் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி, வெள்ளைக் கொடியை ஏற்றினார். வானொலி நிலையமும் சிதையாமல் எஞ்சியிருந்தது. அதே போர்க்காலத்தில் இங்கிலாந்தில் டாமி ஹேண்ட்லி போன்ற நகைச்சுவைக் கலைஞர்கள், பெட்ரோலுக்கும் உணவுக்கும் பங்கீடு வந்து வாடிய மக்களை வானொலி வழியே சிரிக்க வைத்தனர். பினாங்கு வானொலிக்கோ உயிர்களைக் காக்கும் வேலை காத்திருந்தது. தீவில் படைகள் இல்லை என்னும் செய்தி அதன் வழியே ஜப்பானியருக்கு அறிவிக்கப்பட்டது.

டிசம்பர் 19ஆம் நாள் ஜப்பானியப் படையினர் சண்டையின்றி நகருக்குள் நுழைந்தனர். அதன்பின் வந்த ஆண்டுகளின் துன்பத்தை எவராலும் தடுக்க இயலவில்லை. ஆயினும், காவலின்றி நின்ற மக்கள் மேலும் ஒரு குண்டுமழையில் மடியாமல் தப்பினர்.

போருக்குப் பின் சரவணமுத்து இலங்கை அரசின் பேராளராகவும் பணியாற்றினார். தம் நினைவுகளை ‘சாரா சாகா’ என்னும் ஆங்கில நூலாக எழுதினார். கொடியை இறக்குவது சிலருக்குத் தோல்வியாகத் தோன்றலாம். அன்று பினாங்கில் அதற்குத் துணிவு தேவைப்பட்டது. பதவியில் இருந்தவர்கள் போன பிறகும் ஊரோடு நின்றவரே அந்த ஊரின் தலைவரானார்.