பல் இடுக்கில் கிருமிகளைப் பார்த்த துணிக்கடைக்காரர்... யார் இந்த லீவன்ஹூக்?

தினமும் உப்பு போட்டுப் பல் தேய்க்கிறோம். அப்படியும் பல் இடுக்கில் மாவு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொள்கிறதே, அது என்ன? நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஒரு துணி வியாபாரிக்கு வந்த சந்தேகம் இது. அதைச் சுரண்டி எடுத்து லென்ஸில் வைத்துப் பார்த்தார். உள்ளே ஏராளமான உயிரிகள் நெளிந்துகொண்டிருந்தன. அவர் பார்த்தது பாக்டீரியா. ஆண்டு 1683.

யார் இவர்?

ஆண்டனி வான் லீவன்ஹூக், 1632-ல் கூடை முடைபவரின் மகனாகப் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். 16 வயதில் ஆம்ஸ்டர்டாம் துணிக்கடையில் வேலை பழகியவர், பிறகு ஊர் திரும்பிச் சொந்தக் கடை போட்டார். காலேஜ் படிப்பு கிடையாது. அன்றைய மருத்துவ நூல்களின் மொழியான லத்தீனும் தெரியாது. தெரிந்தது டச்சு மட்டும்தான். முதல் மனைவிக்குப் பிறந்த 5 குழந்தைகளில் பிழைத்தது மரியா என்ற ஒரே மகள்.

அன்றைய துணி வியாபாரிகள் நூலின் தரத்தைப் பார்க்க லென்ஸ் பயன்படுத்துவார்கள். லீவன்ஹூக் ஒருபடி மேலே போய் லென்ஸைத் தானே செய்தார். இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே குட்டியாக ஒரே ஒரு லென்ஸ், அதுதான் அவரது மைக்ரோஸ்கோப். இன்று மிஞ்சியிருப்பவற்றில் ஒன்று, பொருளைச் சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

மிளகு ஏன் காரமா இருக்கு?

இதைத் தெரிந்துகொள்ளத்தான் மிளகைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டார். காரத்துக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிரிகள் இருந்தன. 1676-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதை எழுதினார். அங்கே பலர் நம்பவில்லை. 1677-ல் ராபர்ட் ஹூக் அதே சோதனையைச் செய்து பார்த்து உறுதிசெய்த பிறகுதான் நம்பினார்கள். 1680-ல் அவரையே உறுப்பினராக்கினார்கள்.

தன் உடம்பே ஆய்வுக்கூடம்

அதோடு விடவில்லை. வாழ்நாளில் பல்லே தேய்க்காத ஒரு முதியவரின் பல் அழுக்கையும் பார்த்தார். சூடான காபி குடித்த பிறகு முன்பற்களில் இருந்த உயிரிகள் செத்துக் கிடப்பதைக் கவனித்தார். 1681-ல் வயிறு சரியில்லாதபோது தன் மலத்தையே லென்ஸில் வைத்தார். அதில் அவர் பார்த்தது, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஜியார்டியா என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எங்கே தவறவிட்டார்?

இந்த உயிரிகள்தான் நோயைக் கொண்டுவருகின்றன என்று அவர் நினைக்கவில்லை. லூயி பாஸ்டரும் ராபர்ட் கோக்கும் அதை நிரூபிக்க இன்னும் சுமார் 200 ஆண்டுகள் ஆயின.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிறந்த லென்ஸ்களை எப்படிச் செய்தார் என்பதை அவர் யாருக்கும் சொல்லித் தரவில்லை. அவருக்குப் பின் அவ்வளவு தெளிவாகப் பார்க்கப் பல காலம் ஆளில்லை. 2021-ல்தான் நெதர்லாந்து ஆய்வாளர்கள், கருவியைப் பிரிக்காமலே நியூட்ரான் கதிர் மூலம் உள்ளே பார்த்தார்கள். கண்ணாடியை உருக்கிச் சிறு உருண்டையாக்கும் முறையை அவர் பயன்படுத்தியது அப்போது தெரிந்தது. ஏற்கெனவே ராபர்ட் ஹூக் எழுதி வெளியிட்டிருந்த முறைதான் அது!

கடைசி நாள்வரை

கடைசிக் காலத்தில் அவருக்கு வயிற்றின் மேல்பகுதி அடிக்கடி துடித்தது. மருத்துவர் இதயக் கோளாறு என்றார். லீவன்ஹூக் ஏற்கவில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானம் என்ற தசைதான் துடிக்கிறது என்று ராயல் சொசைட்டிக்கு எழுதினார். 1723-ல், 90 வயதில் இறந்தார். அந்த அபூர்வக் கோளாறு இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.