ஏசி இல்லாமல் வீட்டைக் குளிர வைத்த ரேமண்ட்



சென்ற கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகள் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ராத்திரி பதினோரு மணிக்கும் தளத்துச் சூடு இறங்கவில்லை, மொட்டை மாடிக்கு ஏதாவது செய்யுங்கள் என்று மேல் மாடிக்காரர்கள் கேட்டார்கள். காரிடாரின் இரு முனையிலும் தூசியும் சாரலும் வருகின்றன, கண்ணாடி போட்டு அடைத்துவிடலாம் என்று வேறு சிலர் சொன்னார்கள். இரண்டும் அடுத்த பொதுக்குழுவில் ஓட்டுக்கு வருகின்றன. கை தூக்குவதற்கு முன் ஒருவருடைய வாழ்க்கையைப் படித்துவிட்டுப் போங்கள். நம் வில்லியனூரிலிருந்து பத்து கிலோமீட்டர் தூரத்தில், புதுச்சேரி டவுனில் நிற்கும் ஒரு கட்டிடத்தில் அவர் இந்த இரண்டு விஷயத்தையும் கையாண்டிருக்கிறார்.

அவர் பெயர் அன்டோனின் ரேமண்ட். 1888-ல் போஹிமியாவில் கிளாட்னோ என்ற ஊரில் பிறந்தவர். இன்றைக்கு அது செக் குடியரசில் இருக்கிறது. பிராகில் கட்டிடக்கலை படித்துவிட்டு 1910-ல் அமெரிக்கா போனார். நியூயார்க்கில் வேலை பார்த்தார், பிரான்சில் பிறந்த ஓவியர் நொயெமியை 1914-ல் மணந்தார். ஃபிராங்க் லாயிட் ரைட் என்ற பெரிய கட்டிடக்கலைஞரிடம் சேர்ந்து, டோக்கியோவில் அவர் கட்டிய இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக 1919 கடைசி நாளில் ஜப்பான் போய் இறங்கினார். கொஞ்ச காலத்திலேயே ரைட்டை விட்டுப் பிரிந்து, டோக்கியோவிலேயே சொந்த அலுவலகம் திறந்தார். 1923 பூகம்பத்துக்கு அடுத்த வருடம் தனக்கென்று ஒரு கான்கிரீட் வீடும் கட்டிக்கொண்டார்.

ஜப்பானில் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது அங்குள்ள பழைய மரவீடுகள்தான். அவை கோடையை நினைத்துக் கட்டப்பட்டவை. நீண்ட இறவாரம், இருபுறமும் தள்ளித் திறக்கும் கதவு, சுவரே இல்லாத மாதிரி காற்று போய்வரும் கூடம். பாகூர்ப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டில் திண்ணையும் முற்றமும் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. ஆனால் அதைக் கான்கிரீட்டில் செய்து காட்ட முடியுமா என்பதுதான் கேள்வி.

அந்த வாய்ப்பு புதுச்சேரியிலிருந்து வந்தது. ரேமண்டுக்கு டோக்கியோவில் பழக்கமான பிரெஞ்சு எஞ்சினியர் ஒருவர், பார்பியே சேன்ட் ஹிலேர், 1925-ல் இங்கே ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் சேர்ந்து பவித்ரா என்று பெயர் பெற்றிருந்தார். ஆசிரமவாசிகள் தங்க ஒரு விடுதி வேண்டும் என்று வந்தபோது ரேமண்டை அழைத்தார்கள். ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி வழியாகப் பணம் வந்ததால், அந்த ஊர் வைரச் சுரங்கத்தின் நினைவாக விடுதிக்குக் கோல்கொண்ட் என்று பெயர்.

ரேமண்ட் தன் அலுவலகத்திலிருந்த ஜார்ஜ் நகாஷிமாவை முன்னதாக அனுப்பினார். பிரான்டிஷெக் சாமர் என்ற செக் நாட்டவரும் வந்து சேர்ந்தார். ஜப்பானில் போர் வெறி ஏறிக்கொண்டிருந்த நேரம், ரேமண்ட் குடும்பம் அந்த நாட்டை விட்டுக் கிளம்பி 1938-ல் இங்கே வந்து சில மாதம் தங்கியது. கட்டிடம் முடியும்வரை அவர் இருக்கவில்லை, அமெரிக்கா போய்விட்டார். மற்றவர்களும் ஆசிரமத்துக்காரர்களும் பல வருடம் பொறுமையாகக் கட்டினார்கள். பக்தர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கித்தான் கதவு ஜன்னல்களுக்குப் பிடியும் கொக்கியும் வார்த்தார்கள்.

கட்டிடத்துக்கு வருவோம். நீளப்பக்கம் இரண்டும் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. குறுகலான பக்கம்தான் கிழக்கு மேற்கு. காலை மாலை வெயில் சாய்வாக வந்து அடிப்பது கிழக்கு மேற்குச் சுவரில் என்பதால், அந்தச் சுவரைச் சிறிதாக்கிவிட்டார். நம் கட்டிடம் நீளவாக்கில் மேற்கைப் பார்க்கிறது, அதற்கு இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

வடக்கு, தெற்கு முகப்புகளில் கண்ணாடி ஜன்னலே கிடையாது. தரையிலிருந்து கூரைவரை படுக்கைவசமான சாய்பலகைகள். லூவர் என்பார்களே, அதுதான். உள்ளிருந்தபடி ஒரு கைப்பிடியைத் திருப்பினால் ஒரு வரிசை முழுவதும் திறக்கும், சாயும், மூடும். வெயிலும் மழையும் வெளியே நிற்கும், காற்று மட்டும் உள்ளே வரும். அறைகள் தெற்கே, நடைபாதை வடக்கே. இடையிலுள்ள தேக்குக் கதவிலும் சட்டங்களை இடைவெளி விட்டு மாற்றி மாற்றி அடித்திருப்பதால், கதவு சாத்தியிருந்தாலும் காற்று போகும், ஆள் தெரியாது. வடக்கே அடர்ந்த தோட்டம், தெற்கே மரம் குறைவு. நிழல் பக்கத்துக் குளிர்ந்த காற்றும் மறுபக்கத்துச் சூடான காற்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். தரைக்குக் கறுப்புக் கல், சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு.

எனக்கு மிகவும் பிடித்தது கூரை. நம் ஊரில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவைத் தாண்டியும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது சுவரைவிட மொட்டை மாடிதான் அதிகம் வாங்குகிறது. ரேமண்ட் தட்டையான தளத்தின் மேல், இடைவெளி விட்டு, வளைந்த கான்கிரீட் ஓடுகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்தார். வெயிலை ஓடு வாங்கிக்கொள்ளும், நடுவில் சூடாகும் காற்று வெளியே ஓடிவிடும், அடித்தளம் நாள் முழுக்க நிழலில் இருக்கும். கணக்குப் பாஷையில் சொன்னால், அவர் முதலீட்டுச் செலவை ஒரே தடவை செய்துவிட்டார். நாமோ மாதாமாதம் கரண்ட் பில்லாக வருவாய்ச் செலவு செய்கிறோம், அதுவும் கரண்ட் இருக்கும் நேரத்துக்கு மட்டும்.

இதை அப்படியே நாம் காப்பி அடிக்க முடியாது. கோல்கொண்டில் ஒற்றை வரிசை அறைகள். நமக்கு நடுவில் காரிடார், இரு பக்கமும் பிளாட். அதனால்தான் அந்த இரண்டு முனைகளும் திறந்திருப்பது முக்கியம். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று நம் பக்கம் வந்து சேரும்போது, வாசல் கதவைத் திறந்து வைத்தால் வீட்டுக்குள் ஓட்டம் தெரிகிறதல்லவா? கண்ணாடி போட்டால் அது நின்றுவிடும், மேற்கு முனை அடுப்பாகிவிடும். தூசிக்கும் சாரலுக்கும் திருப்பக்கூடிய லூவர் போடலாம் என்பது என் கருத்து. அவர் பயன்படுத்திய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் இன்று வேண்டாம், அலுமினியத்தில் கிடைக்கிறது.

மாடிக்கு இடைவெளி விட்டு ஷீட் கூரை போட்டால் ரேமண்டின் வழிக்குக் கிட்டே வரும். ஆனால் 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்தவர்கள் ஷீட் என்றாலே யோசிப்பார்கள். அனுமதியும் வாங்க வேண்டும், இரும்புச் சட்டமும் பலமாக வேண்டும். வெள்ளைப் பூச்சு மலிவு, அழுக்குப் படிந்தால் வேலை செய்யாது, ஆகவே கழுவுவதும் திரும்பப் பூசுவதும் பட்ஜெட்டில் ஏற வேண்டும். எதைத் தேர்ந்தாலும் செலவைக் கீழ்வீட்டுக்காரர்களும் பகிர வேண்டும் என்று கீழ்வீட்டுக்காரனான நானே சொல்கிறேன். மேல் மாடியில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ரேமண்டின் மீதிக் கதை அவ்வளவு இதமானதல்ல. அமெரிக்காவில் பென்சில்வேனியா பண்ணையில் குடியேறினார். போர் வந்தது. நகாஷிமா அமெரிக்காவில் பிறந்தவர்தான், ஆனாலும் ஜப்பானிய வம்சம் என்பதால் குடும்பத்தோடு முகாமில் அடைத்தார்கள். ரேமண்ட் பொறுப்பேற்று 1943-ல் அவரை வெளியே எடுத்துத் தன் பண்ணைக்கு அழைத்துக்கொண்டார். அதே 1943-ல், அமெரிக்க ராணுவத்துக்காக யூட்டா பாலைவனத்தில் ஜப்பானிய வீடுகளின் மாதிரியை அச்சு அசலாக வடிவமைத்துக் கொடுத்தார். தீக்குண்டு போட்டால் அந்த மரவீடுகள் எப்படி எரிகின்றன என்று பார்ப்பதற்காக. தனக்குப் பாடம் சொன்ன வீடுகளை அவரைவிட நன்றாக அறிந்த அமெரிக்கர் அன்று யாரும் இல்லை, அதனால்தான் கேட்டார்கள். போர் சீக்கிரம் முடியும் என்று நினைத்துச் செய்ததாகப் பிறகு எழுதினார். இதை விட்டுவிட்டு அவர் வாழ்க்கையை எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

போர் முடிந்ததும் எரிந்துபோன டோக்கியோவுக்கே திரும்பி, மறுபடி அலுவலகம் திறந்து, இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அங்கே கட்டினார். 1976-ல் பென்சில்வேனியாவில் காலமானார். நகாஷிமா மரச்சாமான் செய்பவராக உலகப் புகழ் பெற்றார்.

கோல்கொண்ட் இன்றும் விடுதியாகத்தான் இருக்கிறது. ஆட்கள் தங்கியிருக்கும் இடம் என்பதால் நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது, ஆசிரமத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். தெருவில் நின்றே லூவர் வரிசையைப் பார்க்கலாம்.