பச்சையப்ப முதலியாரும் செல்வத்தின் பயனும்

செல்வம் ஒன்றேயாயினும் அதனை உடையார் மனம் ஒன்றன்று. ஈட்டியதைப் பெட்டியிற் பூட்டித் தாமும் துய்யாது காப்பார் ஒரு சாரார். பிறர் கண்டு வியத்தற்பொருட்டுப் பந்தலிலும் ஊர்வலத்திலும் வாரி இறைப்பார் ஒரு சாரார். தமக்கு வேண்டுவதை அளவோடு வைத்துக்கொண்டு எஞ்சியதை அறத்துக்கு ஆக்குவார் மற்றொரு சாரார். இம்மூன்றாம் வகையினருள் தலைசிறந்த ஒருவர் நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பிறந்தார் என்பதை நம்மவரிற் பலர் அறியார். அவரே பச்சையப்ப முதலியார்.

அன்னார் 1754ஆம் ஆண்டில் பெரியபாளையத்தில் தோன்றினார். தந்தையார் விசுவநாத முதலியார் மகன் முகம் காணுமுன்னரே காலமானார். தாயார் பூச்சியம்மாள் ஆதரவற்ற நிலையிற் குடும்ப நண்பரை நாடிப் பெரியபாளையம் வந்தமையால் பிள்ளைப்பேறு அங்கு நிகழ்ந்தது. சில ஆண்டுகளின் பின் குடும்பம் சென்னையை அடைந்து நாராயண பிள்ளை என்பாரைச் சார்ந்தது. அவர் ஆங்கில வணிகர்க்குத் துபாஷாக விளங்கியவர். துபாஷ் என்பார் இருமொழி வல்லவர். வணிகர்க்கு நாவும் கணக்கும் கண்ணுமாக நின்றவர். சிறுவர் பச்சையப்பர் அவரிடத்தே தொழில் பயின்று, இளமையிலேயே தாமும் துபாஷாகிப் பெரும்பொருள் ஈட்டினார். தஞ்சை அரசோடும் அவர்க்குக் கொடுக்கல் வாங்கல் இருந்தது.

அக்காலத்துத் துபாஷிகளின் செல்வம் முழுதும் தூய வழியில் வந்ததெனக் கூற யாம் துணியோம். போராலும் வரியாலும் குடிகள் நலிந்த காலம் அது; வட்டிப்பொருளில் உழவர் வியர்வையும் கலந்திருக்கும். ஆயினும் வந்த பொருளை என்செய்தார் என்பதிலேதான் ஒருவர் இயல்பு விளங்கும். நம் மணவாள நகரை அடுத்து ஓடும் கூவத்தில், சென்னைக் கோமளேசுவரன்பேட்டையில் அவர் நாடோறும் நீராடி இறைவனைத் தொழுவார் என்பர். இன்று அவ்வாற்றைக் காண்பார்க்கு இது வியப்பாகத் தோன்றும். சிதம்பரம், காஞ்சி முதலிய தலங்களில் அவர்தம் திருப்பணிகளும் கட்டளைகளும் பல. சிதம்பரத்துக் கீழைக்கோபுரத்தில் அவர் உருவச்சிலையை இன்றும் காணலாம்.

1794ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள், கும்பகோணத்தில் நோயுற்றிருந்தபொழுது, தம் பொருளை அறங்களுக்கு உரித்தாக்கி உயில் எழுதினார். ஒன்பது நாட்களில், அதே திங்கள் 31ஆம் நாள், திருவையாற்றில் உயிர் நீத்தார். அகவை நாற்பதையே எட்டியிருந்தது.

இனி நிகழ்ந்ததே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. உயில் எழுதியவர் மறைந்தார், பொருள் மறையவில்லை. அதனைச் சூழ்ந்து உறவும் உரிமையும் வழக்கும் எழுந்தன. ஏறத்தாழ அரை நூற்றாண்டளவும் அவர் எண்ணிய அறங்கள் செவ்வனே நடைபெறவில்லை. முடிவில் அரசின் தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் முதலியோர் முயற்சியால், நீதிமன்ற ஆணைப்படி அறங்காவலர் குழு அமைந்தது. கோயிற் கட்டளைகளுக்கென ஒரு லட்சம் வராகன் ஒதுக்கப்பெற்றது. அச்செய்தியைப் பொறித்த கற்கள் பல தலங்களில் நாட்டப்பெற்றன. இனி ஒருவரும் மறைக்கவொண்ணாதபடி கல்லே கணக்காயிற்று.

வட்டியால் பெருகி எஞ்சிய பொருளைக் கொண்டு 1842ஆம் ஆண்டு சென்னையிற் பள்ளி தொடங்கப்பெற்றது. 1850இல் பச்சையப்பன் மண்டபம் எழுந்தது. 1889இல் அது கல்லூரியாயிற்று. பிற மதத்தினர்க்கு 1947 வரையிற் கதவு திறவாமை அதன் வரலாற்றில் ஒரு குறையே, அக்குறையும் நீங்கிற்று. கணிதமேதை இராமாநுஜரும், பின்னாளில் முதலமைச்சராய் விளங்கிய அண்ணாதுரையும் அங்குப் பயின்றோரே. கோயிலறத்தை எண்ணி வைத்த பொருள் கல்வியறமாகவும் கிளைத்தது. பச்சையப்பர் தாமே இதனைக் கனவிலும் கண்டிரார்.

அன்பர்காள்! இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? கொடுக்கும் மனம் மட்டும் அமையாது. கொடுத்ததைக் காக்கும் முறையும் வேண்டும். பச்சையப்பரின் ஈகையை ஐம்பதாண்டு முடக்கியது பகைவர் செயலன்று. அருகிருந்தார் அவாவும் கணக்கின்மையுமே. நம் சங்கத்திலும் திருமணப் பந்தலுக்கு ஒரு நாளிற் செலவாகும் தொகையிற் பத்திலொரு கூறு ஏழை மாணாக்கர் நிதிக்கு வருமாயின் எத்தனை பிள்ளைகள் கரையேறுவர்! அந்நிதியின் வரவு செலவை ஆண்டுதோறும் யாவரும் காண எழுதி வைப்போமாக. பொருளைத் தந்தவர் ஒரு நாள் மறைவர். ஒழுங்கான கணக்கு இருப்பின் அவர் அறம் மறையாது.