தொள்ளாயிரம் கேள்விகளோடு ரோமுக்குப் போன இளைஞன்

மறுமலர்ச்சிக் காலம் என்றதும் நமது பிள்ளைகளுக்கு லியனார்டோ டா வின்சியும் மைக்கலாஞ்சலோவும்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஓவியமும் சிற்பமும் பாடப்புத்தகத்தில் இடம்பிடித்துவிட்டன. பண்டைய கிரேக்க, லத்தீன் நூல்களைத் தேடி வாசித்து, மனிதனின் மதிப்பைப் பற்றிப் புதிதாகச் சிந்தித்த அறிஞர்களை நாம் அதிகம் அறிவதில்லை. அவர்களுள் பிகோ டெல்லா மிராண்டோலாவின் வாழ்க்கை முஸ்லிம்களாகிய நாமும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

வட இத்தாலியின் மிராண்டோலாவில் 1463இல் ஓர் ஆளும் குடும்பத்தில் பிறந்தவர் ஜியோவன்னி பிகோ. பதினான்கு வயதில் திருச்சபைச் சட்டம் படிக்க பொலோனியாவுக்கு அனுப்பப்பட்டார். அவரது மனமோ தத்துவத்தையே நாடியது. பெராரா, பாதுவா, புளோரன்ஸ், பாரிஸ் என்று அறிவைத் தேடி ஊர் ஊராகச் சென்றார்.

பாதுவாவில் அவருக்கு வழிகாட்டியவர் எலியா டெல் மெடிகோ என்ற யூத அறிஞர். ஸ்பெயினில் வாழ்ந்த நமது இப்னு ருஷ்தின் நூல்களை ஹீப்ரு மொழிபெயர்ப்புகளிலிருந்து லத்தீனுக்குப் பெயர்த்து அவர் பிகோவுக்குக் கொடுத்தார். ஒரு முஸ்லிம் எழுதியதை ஒரு யூதர் மொழிபெயர்க்க, ஒரு கிறிஸ்தவ இளைஞர் வாசித்தார். மறுமலர்ச்சி என்பது இப்படியும் நடந்தது.

மொழிபெயர்ப்பு மட்டும் பிகோவுக்குப் போதவில்லை. ஆசிரியர் ஒருவரை அமர்த்தி ஹீப்ருவையும் அரபையும் கற்கத் தொடங்கினார். நண்பர் பிசீனோ தமது லத்தீன் குர்ஆன் பிரதியைத் திருப்பிக் கேட்டபோது, விரைவில் அதை மூலமொழியிலேயே வாசிக்க எண்ணியிருப்பதாகப் பதில் எழுதினார். அவரது அரபு அறிவு பெரிதாக வளரவில்லை. ஆயினும் ஒரு வேதத்தை அதன் சொந்த மொழியில் அறிய வேண்டும் என்ற அந்த நேர்மை மதிக்கத்தக்கது.

1486 டிசம்பரில், 23 வயதில், 900 கருத்துகளைத் தொகுத்து ரோமில் அச்சிட்டார். கிரேக்கர், யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் எனப் பலரின் சிந்தனைகள் அதில் இருந்தன. இப்னு ருஷ்தின் பெயரில் மட்டும் 41. இப்னு சீனாவும் அல்பாராபியும் இடம்பெற்றிருந்தனர். எந்த அறிஞரும் வந்து தம்முடன் வாதிடலாம், தூரத்திலிருந்து வருவோரின் பயணச் செலவைத் தாமே தருவதாகவும் அறிவித்தார்.

அவ்விவாதத்தின் முன்னுரையாக அவர் எழுதியதே இன்று மனிதனின் மாண்பு பற்றிய உரை எனப் புகழப்படுகிறது. அரபு நூல்களில் தாம் கண்டதாகக் கூறி, அப்துல்லாஹ் என்ற முஸ்லிம் ஒருவரின் கருத்தோடுதான் அதனை ஆரம்பிக்கிறார். இறைவன் மனிதனை ஒரே நிலையில் கட்டிவைக்கவில்லை, விலங்காகத் தாழ்வதும் வானவர்போல் உயர்வதும் அவனது தெரிவிலேயே உள்ளது என்பது அதன் சாரம்.

அந்த விவாதம் நடக்கவே இல்லை. பாப்பரசர் எட்டாம் இனொசென்ட் அதை நிறுத்தினார். விசாரணைக் குழு 13 கருத்துகளைக் குற்றம் கண்டது. பிகோ அவற்றை நியாயப்படுத்தி எழுதவே, 1487இல் நூல் முழுவதும் கண்டிக்கப்பட்டது. பிரான்சுக்குத் தப்பியோடியவர் கைதாகி வின்சென் கோட்டையில் அடைக்கப்பட்டார். புளோரன்ஸின் தலைவர் லொரென்சோ மெடிசியின் தலையீட்டால் விடுதலையாகி அந்நகரில் வாழ்ந்தார். 1493இலேயே அடுத்த பாப்பரசர் அவரை மன்னித்தார்.

மறு வருடம் நவம்பர் 17இல், 31 வயதில், அவர் காலமானார். 2007இல் அவரது எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டபோது ஆர்சனிக் நஞ்சு காணப்பட்டது. அவரது புகழ்பெற்ற உரை அச்சேறியது 1496இல், மரணத்துக்குப் பின்னர்தான்.

பிகோ இறுதிவரை பற்றுள்ள கிறிஸ்தவராகவே வாழ்ந்தார். பிறர் நூல்களை வாசித்ததால் அவரது நம்பிக்கை கரைந்துவிடவில்லை. ஐரோப்பாவுக்கு அறிவைக் கொடுத்தவர்கள் நாங்கள் என்று மேடைகளில் பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமை உண்மைதான். ஆனால் இப்னு ருஷ்தின் ஒரு நூலையாவது முழுமையாக வாசித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அடுத்த வீட்டுக்காரரின் சமயத்தை அவரது நூல்களிலிருந்தே அறிய முயன்றவர்கள் எத்தனை பேர்? பல சமயத்தவர் ஒன்றாக வாழும் இந்நாட்டில், ஒருவரைப் பற்றி மற்றவர் வதந்திகளிலிருந்து அறிந்துகொள்வதன் விலையை நாம் கண்டிருக்கிறோம். கேள்வி கேட்கும் பிள்ளையை வகுப்பறையில் அடக்கிவிடாமல் அவன் கையில் ஒரு நல்ல நூலைக் கொடுப்பதிலிருந்து நாம் ஆரம்பிக்கலாம்.